சூதாட்டப் பணத்தில் பள்ளிக்கூடமா?



கனடா நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா என்றொரு மாகாணம் இருக்கிறது. வான்கூவர் நகரம் இருக்கும் மாகாணம். அங்கே பள்ளிக்கூடந்தோறும் பெற்றோர் மன்றம் உண்டு. மாகாண அரசு அந்த மன்றங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு 20 டாலர் வீதம் மானியம் தருகிறது. நம் பணத்தில் ஏறத்தாழ 1,200 ரூபாய். பந்து, மட்டை, ஊஞ்சல், சறுக்குமரம், பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும் செலவு என்று பாடப் புத்தகத்துக்கு வெளியே உள்ள காரியங்களுக்கு அதைச் செலவிடலாம்.

நல்ல காரியம்தானே என்று தோன்றும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? சூதாட்ட விடுதிகளிலிருந்தும் லாட்டரிச் சீட்டிலிருந்தும் வருகிறது! அரசே ஒரு லாட்டரிக் கழகம் வைத்திருக்கிறது. சூதாட்டத்தில் அந்த மாகாண அரசுக்கு ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் வருமானம். அதில் சுமார் 14 கோடி டாலரைச் சமூக மானியம் என்று பெயர் சூட்டிப் பள்ளிப் பெற்றோருக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

எங்கேயோ கனடாவில் நடப்பது நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். தமிழகத்திலும் லாட்டரியைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள் என்று 2021 ஜூலையில் ஒரு பேச்சு எழுந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த எடப்பாடி பழனிசாமி கண்டித்தார். நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மறுத்தார். அன்றைக்கு அது அடங்கியது. ஆனால் கஜானா வறளும்போதெல்லாம் இந்தப் பேச்சு தலை தூக்கும். அப்போது அதற்குப் போடப்படும் போர்வை என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கல்வி! ஏழைப் பிள்ளைகளின் கல்வி!

பழைய கதைதான்

1967இல் கேரளம்தான் முதலில் அரசு லாட்டரியைத் தொடங்கியது. ஒரு ரூபாய்ச் சீட்டு, 50,000 ரூபாய் முதல் பரிசு. அந்த யோசனையைக் கொண்டுவந்த நிதியமைச்சர் யார் தெரியுமா? பி.கே.குஞ்ஞு. நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்! மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நம்மவர் செய்தாலும் சூது சூதுதான். அடுத்த ஆண்டே தமிழகத்தில் அண்ணாதுரை ஆட்சியில் பரிசுச் சீட்டு வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற முழக்கத்தை ஐம்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ரிக்‌ஷாக்காரரும் கொத்தனாரும் பீடி சுற்றும் பெண்களும் அன்றாடக் கூலியைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில்தான் அதற்குத் தடை வந்தது. அந்த அம்மையாரின் அரசியலில் நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு உண்டு. இந்த ஒரு காரியத்துக்காகப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இலங்கையில் 1981இல் மகாபொல என்ற உதவித்தொகை நிதியை ஏற்படுத்தினார்கள். வசதியற்ற பல்கலைக்கழக மாணவர்களுக்கு உதவும் நிதி. அதற்கும் லாட்டரி வருமானத்தைத்தான் சேர்த்துக் கட்டினார்கள். பட்டம் வாங்க வேண்டிய பிள்ளைக்காக எவனோ ஒரு கூலித் தொழிலாளி சீட்டு வாங்கித் தோற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

விழுப்புரத்துக்குத் தெரியாதா?

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் விழுப்புரம் நகரில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே, மூன்று சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் உட்பட, ஒரே இரவில் மடிந்துபோனது. மூன்று நம்பர் லாட்டரியில் கடனாகிப் போனதை அந்த மனிதர் கடைசியாகப் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போனார். லாட்டரி தடை செய்யப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் கழித்து நடந்தது இது! அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருந்தால் இன்றைக்கு நம் மாவட்டத்துப் பள்ளி ஏதோ ஒன்றின் வருகைப் பதிவேட்டில் அவர்களின் பெயர் இருந்திருக்கும்.

இந்த மூன்று நம்பர் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இங்கே சீட்டு அச்சடிப்பதில்லை. குலுக்கலும் இங்கே நடப்பதில்லை. பெரும்பாலும் கேரள அரசு லாட்டரியில் விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்துத்தான் இங்கே துண்டுச் சீட்டிலும் செல்போனிலும் பந்தயம் கட்டுகிறார்கள். பிற்பகலில் அங்கே முடிவு வந்ததும் இங்கே கணக்குத் தீர்க்கிறார்கள். கேரளத்தில் 2011இல் காருண்யா என்று ஒரு லாட்டரி தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளின் மருத்துவச் செலவுக்கு என்று சொல்லித் தொடங்கப்பட்டது. காருண்யம் என்றால் கருணை! ஆக, அங்கே கருணை என்று பெயர் வைத்துச் சுற்றும் சக்கரம் இங்கே டீக்கடை ஓரத்தில் கூலிக்காரனின் சட்டைப் பையைக் காலி செய்கிறது. கேரள அரசு இதைச் செய்யச் சொல்லவில்லை, உண்மை. ஆனால் அந்தக் குலுக்கல் இல்லாவிட்டால் இந்தத் துண்டுச் சீட்டுக்கு எண்ணுக்கு எங்கே போவார்கள்?

எல்லை தாண்டிப் போய்ச் சீட்டு வாங்குகிறவர்கள் வேறு. 2023 ஓணம் பம்பர் 25 கோடி ரூபாய் திருப்பூரைச் சேர்ந்த நான்கு பேருக்கு விழுந்தது என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. விழாதவர்களின் பட்டியலை எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை. போட்டால் தாள் போதாது!

ஒட்டக இறைச்சியும் ஏழையின் பசியும்

"கெட்ட வழியில் வந்தாலும் நல்ல வழியில் போகிறதே" என்ற வாதம் இன்றைக்கு நேற்றைக்கு வந்ததல்ல. அறியாமைக் காலத்து அரபுகளிடமும் இருந்தது. மைஸிர் என்று அவர்கள் ஆடிய சூதைப் பற்றி ஸமக்ஷரீ தமது கஷ்ஷாஃப் தஃப்ஸீரில் விவரிக்கிறார். ஒட்டகத்தை வாங்கி அறுத்துப் பங்கு போடுவார்கள். பத்து அம்புகளைப் பையில் இட்டு ஒவ்வொன்றாக உருவுவார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறும் அம்புகள். வெறும் அம்பு யாருக்கு வந்ததோ அவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தின்ன மாட்டார்கள். ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள்! அதைப் பெருமையாகவும் பேசிக் கொள்வார்கள். கலந்து கொள்ளாதவனைக் கஞ்சன் என்று பழிப்பார்கள்.

கவனியுங்கள் சகோதரர்களே! பசித்தவனுக்குக் கறி கிடைத்த சூது அது. அதைத்தான் இஸ்லாம் தடுத்தது. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மக்களுக்குப் பயனே இல்லை என்று சொல்லவில்லை. பயன் இருக்கிறது, கேடு அதைவிடப் பெரிது என்கிறது. பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தில் அடியோடு விலக்கச் சொல்லிவிட்டது. எனவே ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் காட்டி நம்மிடம் வாதாட வருகிறவர்களுக்கு, அந்தப் பயனைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தீர்ப்பே வந்திருக்கிறது என்று சொல்லலாம்.

முஸ்லிம் அல்லாத சகோதரர்களுக்கு வசனம் வேண்டாம், நடைமுறையைச் சொல்வோம். 2009இல் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு நிதி நெருக்கடி என்று சொல்லிப் பெற்றோர் மன்ற மானியத்தை 20 டாலரிலிருந்து 10 டாலராகக் குறைத்தது. பெற்றோர்கள் கொதித்தார்கள். எதைக் கேட்டு? சூதாட்டப் பணத்தில் எங்கள் பங்கைக் கொடு என்று கேட்டு! 2011இல் மீண்டும் 20 டாலர் ஆயிற்று. அந்தப் பெற்றோர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பிள்ளையின் பந்துக்கும் மட்டைக்கும் அந்தப் பணத்தை விட்டால் வேறு வழி இல்லாமல் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தின் செலவைச் சூதாட்ட மேசையில் கட்டிப் போட்டுவிட்டால், அந்த மேசை மூடக் கூடாது என்று பெற்றோரே வக்கீலாக வாதாட வேண்டிய நிலை வரும். கேரளத்தில் காருண்யா வந்த பிறகு லாட்டரியை ஒழி என்று எந்தக் கட்சியாவது உரக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

டாஸ்மாக் பணம் மட்டும் இனிக்கிறதா?

நியாயமான கேள்விதான். 2024-25ஆம் ஆண்டில் மட்டும் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். அந்தப் பணமும் ஆசிரியர் சம்பளத்தில் கலந்துதான் இருக்கிறது. அதற்காக அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காமல் இருக்க முடியுமா? முடியாது. கஜானாவில் நம் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கட்டிய வரியும் இருக்கிறது. அதில் நமக்கு உரிமை உண்டு, வாங்கத்தான் வேண்டும். அதோடு டாஸ்மாக் கடையை மூடு என்று சொல்லும் வாயும் நமக்குத் திறந்தே இருக்கிறது. ஆனால் "இது சூதாட்டத்தில் உங்கள் பள்ளிக்கு ஒதுக்கிய பங்கு" என்று தனியே முத்திரை குத்தி நம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கொடுத்தால் அந்த வாய் அடைபட்டுப் போகும். மார்க்கச் சட்ட நுணுக்கத்தை ஆலிம்கள் விளக்கட்டும். அரசியல் நமக்கே புரிகிறது.

மத்திய அரசின் கதை இதைவிட வேடிக்கை. ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2023 அக்டோபர் முதல் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்கினார்கள். 2025 ஆகஸ்டில் சட்டம் கொண்டுவந்து பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தார்கள். ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாயை இழக்கிறார்கள் என்று அரசுத் தரப்பே கணக்குச் சொன்னது. தமிழகச் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றிய தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றிய பிறகல்லவா ஒப்புதல் கிடைத்தது? அந்த இடைவெளியில் ஆட்டம் நடந்துகொண்டுதானே இருந்தது!

நமக்கு வர வேண்டிய பணம்

சரி, சூதாட்டப் பணம் வேண்டாம். பள்ளிக்குப் பணம் வேண்டுமே?

வேண்டும். பணம் குறைவு என்பதும் உண்மை. சமக்ர சிக்ஷா திட்டத்தில் 101 முதல் 250 மாணவர்கள் வரை உள்ள அரசுப் பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். 200 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 250 ரூபாய். கனடாக்காரனின் 1,200 எங்கே, நம் 250 எங்கே! அதிலும் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் துப்புரவுக்குச் செலவிட வேண்டும். சுண்ணாம்பு, பினாயில், சாக்பீஸ், உடைந்த குழாய் என்று பள்ளி திறந்த சில மாதத்திலேயே கரைந்துவிடும் தொகை இது.

இதுவும் ஒழுங்காக வந்ததா? பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டுக்கான சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. வருமான வரியோடு கல்விக்கும் சுகாதாரத்துக்கும் என்று 4 சதவீதம் கூடுதல் வரியை 2018 முதல் வசூலிக்கிறார்களே, அது யார் பணம்? சீட்டுக் குலுக்கி வந்ததா? உழைத்தவன் கட்டியது. லாட்டரிக்குப் போர்வை தேடுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

தமிழக மக்கள் பள்ளிக்குக் கொடுக்கத் தெரியாதவர்களும் அல்ல. 1958 முதல் காமராஜர் ஆட்சியில் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் நாற்காலியும் நிலமும் சீருடையும் ஊர் மக்களே கொண்டுவந்து குவித்தார்கள். நம் சமுதாயம் வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியையும் 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியையும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியையும் எழுப்பியது வியாபாரிகளின் ஹலாலான பணத்தில்தான்.

அரசாங்கத்தைக் கேட்கிற இடம் ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. பிரிவு 22இன்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுதான். கெடாரிலும் காணையிலும் கண்டாச்சிபுரத்திலும் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இந்தக் குழு இருக்கிறது. அதில் நம் தாய்மார்கள் எத்தனை பேர்? வாக்குச்சாவடிக்கு ஏஜெண்ட் போடத் தெரிந்த நம் கிளைகளுக்கு இதற்கு ஆள் அனுப்பத் தோன்றவில்லையே! 2022இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது கூட்டத்தை வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு என்று வைத்தார்கள். ஜும்ஆ தொழுது, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம்.

இந்தக் கல்வியாண்டில் மானியம் வந்ததா, எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு வந்தது? பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா? போன ஆண்டுத் திட்டத்தில் எழுதியவற்றில் எது நிறைவேறியது? ரொக்கப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் எழுத்து மூலம் மனு கொடுத்து, அதன் நகலை நமது மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்பி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், முதன்மைக் கல்வி அலுவலரை நேரில் சந்தித்துக் கேட்கும் பொறுப்பை நமது நிர்வாகிகள் ஏற்றுக்கொள்வார்கள்.