அடுக்களையும் வகுப்பறையும்

ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவனது ஆட்சியில், புதுச்சேரிப் பகுதியிலுள்ள பாகூரில் நடைபெற்றுவந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்கள் தானமாக அளிக்கப்பட்டதைச் செப்பேடு கூறுகிறது. அதை எண்ணி நம் பாகூர்க் கொம்யூன் மக்கள் பெருமை கொள்வது நியாயமே. ஆயினும், அந்த வித்தியாஸ்தானத்தில் பெண்பிள்ளை ஒருத்தி ஏடு ஏந்தி அமர்ந்தாள் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. மானியத்துக்குக் குறைவில்லாத இடத்திலும் பெண்ணுக்கு இடம் இல்லாது போயிற்று போலும். மானியம் மட்டும் போதாது, பெண்ணுக்குக் கல்வி புகட்ட முற்படுகிறவர், அவள் எந்த வீட்டில், எந்தக் கட்டுப்பாட்டில், யாருடைய தயவில் இருக்கிறாள் என்பதையும் தம் பொறுப்பாகவே ஏற்கவேண்டும் என்ற உண்மையை வாழ்ந்து காட்டியவர் சிஸ்டர் சுப்புலட்சுமி அம்மையார்.

1886-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்த அவர், விவாகம் என்பதன் பொருளே விளங்காத பிராயத்தில் மணமாகி, அடுத்துச் சிறிது காலத்திலேயே வைதவ்யத்துக்கு ஆளானார். தந்தை சுப்பிரமணிய ஐயர், ஊராரின் ஏச்சையும் ஒதுக்கலையும் பொருட்படுத்தாமல், மகளை மூலையில் முடங்கவிடாது படிக்கவைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தின் முதல் ஹிந்துப் பெண் பட்டதாரி என்ற கீர்த்தியை அடைந்த அந்த இளம் விதவை, அந்தக் கீர்த்தியோடு நின்றுவிட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ, தம்மைப்போல் பால்யத்திலேயே கைம்மை எய்திய நான்கு பெண்களைத் தம் குடும்பம் வசித்த எழும்பூர் வீட்டுக்கே அழைத்துவந்து, அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கத் துணிந்தார்.

அந்த முயற்சியே சாரதா இல்லமாக வளர்ந்தது. அதில் அவருடைய சித்தி வாலாம்பாள் அம்மையாரின் பங்கை நாம் தனியே நினைக்கவேண்டும். அவரும் விதவையே, மேடையேறிப் பேசியவர் அல்லர், ஆனால் தாய் வீட்டிலிருந்து பிரிந்துவந்து இரவெல்லாம் அழுகிற சிறுமிக்குச் சோறு ஊட்டவும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கவும், தலை வாரிவிடவும் அப்படி ஒருவர் இல்லாதிருந்தால், இலக்கணமும் கணக்கும் அந்தப் பிள்ளைகளின் செவியில் ஏறியிருக்குமா என்பது சந்தேகமே. தாய்மை என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு நகர்வது நமக்கு எளிது. அந்தத் தாய்மைக்குள் அரிசிக் கணக்கும், வாடகைப் பிரயாசையும், அரசாங்கத்தோடு கடிதப் போக்குவரத்தும் அடங்கியிருந்தன என்பதைச் சொன்னால்தான் அதற்கு உரிய மரியாதை செய்தவர்களாவோம்.

இல்லம் பின்னர் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக ஒரு காலத்தில் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்திலிருந்து, 1914-இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரிக்கு அந்தப் பெண்கள் நடந்தே சென்று படிக்கும் வசதி உண்டாயிற்று. இல்லத்தின் கதவு பிராமண விதவைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது என்பது அதன் பெரும் குறைபாடு. ஆசாரக் குடும்பங்கள் பெண்களை அனுப்புவதற்கு அது அவசியமாயிருந்தது என்று சமாதானம் கூறப்பட்டாலும், குறையைக் குறை என்றே நான் சொல்வேன். அதே அம்மையார், அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார் என்பதையும், வயது வந்த பெண்களுக்கும் இடமளிக்கும் சாரதா வித்தியாலயம் 1927-இல் எழுந்தது என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்லுதல் நியாயம். பெண்ணின் விவாக வயதைப் பதினான்காக உயர்த்திய 1929-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகவும் அவர் வாதாடினார். முதுமையிலும் ஓயாமல், 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு நிலையம் கண்டு, 1969-இல் மறைந்தார்.

மாடம்பாக்கத்துக்குச் சென்ற அந்த முதுமைப் பிரயாசைதான் என் மனத்தைப் பெரிதும் கவர்கிறது. பட்டணத்தில் பெருமை தம்மைத் தேடிவந்த ஒருவர், கிராமத்துப் பெண் தம்மிடம் வருவாள் என்று காத்திராமல், அவள் இருக்குமிடத்தைத் தேடிப் போனார். நம் பக்கத்துச் சேலியமேட்டிலும் குருவிநத்தத்திலும், மங்கலத்திலும் அரியூரிலும் இன்று பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இல்லை. ஆயினும் வளர்ந்த பெண் ஒருத்தி நாலைந்து நாள் தொடர்ந்து வராவிட்டால், அவளுக்குக் கல்யாணப் பேச்சா, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையா, நடவுக்குப் போய்விட்டாளா என்று அவள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விசாரிக்கும் ஆசிரியை, தம் சொந்த நேரத்தையும் பஸ் கட்டணத்தையும் செலவிட்டே அதைச் செய்யவேண்டியிருக்கிறது. அத்தகைய ஆசிரியைகள் நம்மிடையே இருக்கிறார்கள். தம் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் பிறர் பிள்ளைகளின் வாசலுக்குப் போகிறவர்கள் அவர்கள். கல்வித்துறை அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதற்குப் பதிலாக, வாரத்தில் ஒரு பிற்பகலைப் பாட அட்டவணையிலிருந்து விடுவித்து, அந்த வீட்டு விசாரணையை அவர்களது உத்தியோகக் கடமையின் ஓர் அங்கமாகவே ஏற்று, அதற்கான செலவையும் வழங்கவேண்டும். வரும் கல்வியாண்டிலேயே பாகூர், வில்லியனூர் இரு கொம்யூன்களிலும் இதைத் தொடங்கிவிடலாம்.