பகிர்வுக் கார் யாருக்காக?

ஒரு பொருளைப் பலர் பகிர்ந்து பயன்கொள்வது தமிழருக்குப் புதிதன்று. ஊருணி எவருக்குத் தாகமோ அவருக்கெல்லாம் நீர் தந்தது. சிங்கப்பூரின் பகிர்வுக் கார்களோ, நாள்தோறும் தாகங்கொண்டு வருபவரை விலக்கிவிட்டு, திருநாளில் வருபவருக்கே நீர் வார்க்கின்றன.

இங்குப் பகிர்வுக் கார் 1997ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவு முயற்சியாகத் தோன்றியது. அன்று முதல் பெரும்பாலும் ஒரே முறைதான்: எடுத்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும், ஓடினாலும் நின்றாலும் நேரத்திற்குக் கட்டணம். வார இறுதியில் உறவினர் இல்லம் சென்றுவர இது பொருந்தும். உட்லண்ட்சிலிருந்து துவாஸ் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் செல்லும் தொழிலாளிக்கு எவ்வாறு பொருந்தும்? அவர் எந்திரத்தின்முன் நிற்கும் எட்டு மணி நேரமும், வெளியே உறங்கும் வண்டிக்குக் கூலி கொடுக்க வேண்டும். உழைத்தவர் ஊதியத்தை உறங்கும் வண்டி உண்பது முறையா?

"பெருவிரைவு ரயில் இருக்கக் கார் எதற்கு?" என்பர் சிலர். நள்ளிரவுக்குப்பின் ரயில் ஓய்வெடுக்கிறது, ஆலைகள் ஓய்வெடுப்பதில்லை. நிறுவனப் பேருந்தும் வாய்க்காத இரவுநேர ஊழியர் என் செய்வார்? சொந்தக் கார் வாங்கலாம் என்பதோ கேலிப்பேச்சு. 2023இல் சிறு கார்களுக்கான உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைக் கடந்தது.

ஓரிடத்தில் எடுத்து மற்றோரிடத்தில் விடும் முறையும் முயலப்பட்டது. 2002இல் தொடங்கிய ஒரு சேவை 2008இல் முடிந்தது. 2017 டிசம்பரில் மின்கார்களுடன் வந்த புளூஎஸ்ஜி சேவை 2025 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. இவற்றைக் காட்டி, மக்களுக்குப் பகிரும் மனமில்லை என்று தீர்ப்பளிப்பது சிந்தனைச் சோம்பல். காலையில் வண்டிகளெல்லாம் ஒரே திசையில் ஓடி, வேலையிடத்தில் குவிந்து, மாலைவரை முடங்குவதே இம்முறையின் இயல்பான சிக்கல். ஒருவர் மட்டும் ஏறி ஓட்டினால் அச்சிக்கல் தீராது.

மக்களின் மனத்திற்கு வரலாறே சான்று. 1975 ஜூனில், காலை வேளையில் நகர மையத்துள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி விதிக்கப்பட்டது. நால்வரேனும் ஏறிய கார்களுக்கு விலக்குக் கிடைத்தது. முன்பின் அறியாதவரும் ஒரே வண்டியில் கூடினர். 1989இல் விலக்கு நீங்கியது. கூடுவதற்கான காரணமும் நீங்கியது. குறை மனத்தில் இல்லை, விதியில் இருக்கிறது.

2015ஆம் ஆண்டின் விதி, காரோட்டி ஒருவர் இலாபம் கருதாது செலவைப் பகிர்ந்து நாளுக்கு இருமுறை பிறரை ஏற்றிச்செல்ல இடமளித்தது. போக ஒன்று, வர ஒன்று: வேலைக்குச் செல்வோருக்கென்றே அளந்த கணக்கு! பகிர்வுக் கார் நடத்துவோர் இந்நெறியை ஏற்கட்டும். ஒரே பேட்டைக்குச் செல்லும் நால்வருக்கு ஒரு வண்டியை மாதக் கட்டணத்தில் வழங்கட்டும். பகலில் அதே வண்டியைப் பேட்டையிலுள்ள நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கட்டும். இரவில் அது குடியிருப்புப் பேட்டையின் குடும்பங்களுக்கு உதவட்டும். இரு முனைகளிலும் நிறுத்துமிடம் ஒதுக்குவது அரசின் கடமையாகட்டும்.

நாற்பேர் ஏறிச் செல்லும் ஒரு வண்டி மூன்று வண்டிகளைச் சாலையிலிருந்து விலக்கும். இடமின்றி நெருங்கிய தீவில் இது சலுகையன்று, சிக்கனம். பகிர்வு என்னும் நற்சொல், பொழுதுபோக்குவோரின் வசதியாகச் சுருங்கலாகாது. பொழுது புலருமுன் புறப்படுவோரின் உரிமையாக அது மலர வேண்டும்.