கடையைப் பூட்டுங்கள், கணனியை அணைக்காதீர்கள்

பெருநாளுக்கு முந்திய கிழமை. புடவைக் கடையில் நிற்க இடமில்லை. பில் அடித்துக் கொண்டிருந்த கணனி திடீரென்று தானாக அணைந்து எழும்பி, அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று காட்டிக் கொண்டிருக்கிறது. சனம் முணுமுணுக்கிறது, முதலாளிக்கு வியர்க்கிறது. மறுநாள் கணனி திருத்தும் தம்பியை அழைத்து, "இந்த அப்டேட்டை ஒரேயடியாக நிற்பாட்டி விடுங்க தம்பி" என்கிறார். தம்பியும் நிற்பாட்டி விடுகிறார். தொல்லை தீர்ந்தது என்று இருவரும் நினைக்கிறார்கள். உண்மையில் அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் கடையின் காவல்காரன்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நமது ஊர்களில் இரண்டு, மூன்று, ஐந்து கணனிகளை வைத்துத் தொழில் செய்யும் கடைகளும் ஆலைகளும் மருந்தகங்களும் ஏராளம். கடன் கொப்பியும் இருப்புக் கணக்கும் வங்கிக் கணக்கும் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பராமரிக்க என்று சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ள எவருக்கும் வசதியில்லை. ஆள் இல்லாமல், காசு செலவில்லாமல் இந்த வேலையை நடத்த வழியுண்டா? உண்டு என்பதே இந்தப் பத்தியின் கருத்து.

முதலில் இது வெறும் பயமுறுத்தல் அல்ல என்பதற்கு நமது நாட்டு உதாரணம் ஒன்று. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்றினால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளக் கிடைக்கவில்லை. காரணம் என்ன? அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருள். அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்துடனேயே அதற்கான திருத்தங்களை வழங்குவதை மைக்ரோசொப்ட் நிறுத்தியிருந்தது. புதுப்பிக்க வேண்டும் என்ற யோசனை 2021 முதல் இருந்தும், நிதித் தட்டுப்பாட்டினாலும் தீர்மானங்களின் தாமதத்தினாலும் காரியம் தள்ளிப்போனது. அந்தக் காலப்பகுதிக்குரிய பிரதியும் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை.

காசில்லை, பிறகு பார்ப்போம் என்ற இந்த வார்த்தைகள் நமது கடைகளிலும் அன்றாடம் கேட்பவைதானே? அரசாங்கம் தாங்கிக் கொண்டது. மூன்று மாதக் கடன் கணக்கு ஒரே இரவில் அழிந்தால் நமது கடை தாங்குமா?

உலகளவிலும் இதே கதைதான். 2017 மே 12ஆம் திகதி பரவத் தொடங்கிய வனாக்ரை வைரஸ் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணனிகளைப் பூட்டிப் போட்டது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் பலவும் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் 14ஆம் திகதியே இலவசமாக வெளியிட்டிருந்தது. மருந்து வீட்டில் இருந்தும் குடிக்காதவர்கள்தான் அதில் அதிகம் அகப்பட்டார்கள்.

நமது கடைகளில் மருந்து ஏன் உள்ளே போவதில்லை? விண்டோஸ் தனது திருத்தங்களைப் பதிந்து, கணனியை மறுபடி தொடக்கி முடிப்பதற்கு வேலையில்லாத நேரம் தேடுகிறது. பெரிய காரியாலயங்களில் அது இரவு. நாமோ இரவில் கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்து விட்டுப் போகிறோம். ஆகவே அதற்குக் கிடைப்பது பகல் மட்டுமே. பகலில் வந்தால் திட்டு விழுகிறது. குற்றம் அதனுடையதல்ல, நாம் அதற்கு நேரம் ஒதுக்காததே குற்றம்.

அந்த நேரம் நமது ஊர்களில் வாரந்தோறும் தானாகவே கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் வேளைதான் அது. கதவைப் பூட்டுங்கள், கணனிகளை மட்டும் ஓட விட்டுச் செல்லுங்கள். விண்டோஸ் புரோ பதிப்பு என்றால், குரூப் பொலிசி என்ற பகுதியில், வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் திருத்தங்களைப் பதியும்படி ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். ஹோம் பதிப்பில் அந்த வசதி இல்லை. அதில் டாஸ்க் ஷெடியூலர் என்ற கருவியில் வாரம் ஒரு தடவை மறுதொடக்கம் செய்யும்படி நேரம் குறித்து விடலாம். திறந்திருக்கும் பில்லைச் சேமித்து விட்டுப் போகும்படி ஊழியர்களுக்குச் சொல்லி வையுங்கள். அக்டிவ் அவர்ஸ் என்ற இடத்தில் வியாபார நேரத்தைக் குறித்து விட்டால், அந்த நேரத்துக்குள் விண்டோஸ் தானாக அணைத்து எழுப்பாது. 18 மணித்தியாலம் வரை குறிக்கலாம். நோன்பு காலத்தில் இரவு வியாபாரம் நடக்கும்போது இதை மாற்றிக் கொள்ள மறக்க வேண்டாம்.

இன்னொன்று. இரவில் அணைத்துக் காலையில் போடுகிறோமே, அதுவே மறுதொடக்கம்தானே என்று சிலர் கேட்பதுண்டு. அப்படியல்ல. விரைவாக எழும்புவதற்காக விண்டோஸ் அணைக்கும்போது தனது நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து மீண்டும் எடுத்துக் கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுமையாகப் புதிதாகத் தொடங்குகிறது.

டேட்டாச் செலவு என்று கவலைப்படுபவர்களுக்கும் வழியுண்டு. டெலிவரி ஒப்டிமைசேஷன் என்பதைத் திறந்து, உள்ளூர் வலையமைப்பை மட்டும் தெரிவு செய்யுங்கள். ஒரு கணனி இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே பெரும்பாலும் பெற்றுக்கொள்ளும். மின்வெட்டு என்றால், 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்த நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருத்தம் பாதியில் நின்றால் கணனி எழும்பாமலும் போகலாம். பில் மேசைக் கணனிக்கு ஒரு யூ.பி.எஸ். அவசியம். இந்த ஏற்பாட்டில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அநேகமாக அது ஒன்றுதான்.

அப்டேட்டே கணனியைக் கெடுத்து விட்டால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் விழுந்தன, விமானங்கள் நின்றன. இதற்காக அப்டேட்டை நிற்பாட்டுவது, ஒருவருக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக ஊரே மருந்தை விடுவது போலாகும். மைக்ரோசொப்ட் தனது மாதாந்தத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அடுத்து வரும் வெள்ளியில் பின்னறைக் கணனி ஒன்றுக்கு மட்டும் ஏற்றுங்கள். பில் மேசைக் கணனிகளை ஒரு வாரம் இடைநிறுத்தி வையுங்கள். முதலாவது நன்றாக ஓடினால் அதற்கடுத்த வெள்ளி மற்றவற்றுக்கும் ஏற்றலாம்.

களவாக ஏற்றிய விண்டோஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை ஓட வைக்கும் கருவிகள் பல, வைரஸ் தடுப்பை அணைத்து விடும்படியே முதலில் கேட்கின்றன. சில ஆயிரங்களை மிச்சப்படுத்தத் திருடனிடமே சாவியைக் கொடுக்கலாமா? விண்டோஸ் 10க்கான வழமையான இலவசத் திருத்தங்களும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்து விட்டன. மேலதிகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத அத்தகைய கணனியில் வங்கி அலுவல்களைச் செய்ய வேண்டாம்.

இவ்வளவும் செய்தாலும் பிரதி எடுக்காதவனுக்குப் பாதுகாப்பில்லை. அதே வெள்ளிக்கிழமை கணக்குகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி செய்து, கழற்றி, கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது ஆவணங்களையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை இந்தக் கரையில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வாடிக்கையாளரின் கொடுக்கல் வாங்கல் கணக்கு நம்மிடம் இருக்கும் ஓர் அமானிதம். அதைக் காக்கக் கேட்கப்படுவது, எப்படியும் கடை பூட்டிக் கிடக்கும் ஒரு மணித்தியாலம்தான். வரும் வெள்ளியே தொடங்கிப் பாருங்கள்.