குளத்துக்கும் கிணற்றுக்கும் உறவில்லையா?

“குளத்துத் தண்ணீரை வெயில் குடித்துவிடுகிறது, கிணற்றுக்கு ஒரு துளியும் போவதில்லை. அதை மூடிக் கட்டடம் எழுப்பினால் என்ன குற்றம்?” யாழ்ப்பாணக் குடாநாட்டில் நம் காதில் விழும் வாதம் இது. நடைமுறை அறிவு என்ற போர்வையைப் போர்த்து வரும் இவ்வாதத்தை நாம் விஞ்ஞானத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத மண் நமது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, பாரமான உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. குடிப்பதும் அதைத்தான், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அதைத்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். இந்த வில்லைக்கு ஊட்டுவது எது என்ற கேள்வி நமக்கு வாழ்வுப் பிரச்சினையாகும்.

விடை தண்ணீரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இயற்கையிலுள்ள ஒட்சிசன் அணுக்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய இரண்டு, ஒட்சிசன்-18 என்னும் பாரமான சமதானி. ஐதரசனுக்கும் தூத்தேரியம் என்னும் பாரமான சமதானி உண்டு. இவை கதிர்வீசிச் சிதைவன அல்ல, நிலையானவை. நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் முந்திப் பறக்கின்றன. பாரமானவை எஞ்சிய நீரிலே செறிகின்றன. உலகின் மழைநீரில் இவ்விரு சமதானிகளின் அளவுகளும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைவதை 1961இல் ஹார்மன் கிறேய்க் காட்டினார். வெயிலில் ஆவியாகிய குளத்துநீர் அக்கோட்டினின்று விலகும். அந்த விலகலே அதன் முத்திரை. மழை, குளம், கிணறு மூன்றையும் அளந்து, கிணற்றின் எண் மற்றிரண்டுக்கும் நடுவே நின்றால், அக்கிணற்று நீரிற் பாதி குளத்தின் கொடை என்று கணக்கிடலாம்.

குளத்துக்கு எதிராக எந்த வெயிலைச் சாட்சிக்கு அழைத்தார்களோ, அந்த வெயிலே குளத்துக்காகச் சாட்சி சொல்ல வல்லது!

ஆனால் அரைகுறைச் சோதனையும் ஆபத்தானது. மாரியின் உச்சத்தில், ஆவியாகுமுன்னரே நிலத்துள் இறங்கும் குளத்துநீர் மழைநீரையே ஒத்திருக்கும். ஒருநாள் எடுத்த ஒரு போத்தல் நீரில் முத்திரை இல்லையென்று குளத்துக்குத் தீர்ப்பெழுதுவது நீதியாகாது. மாரியிலும் கோடையிலும், குளத்தருகிலும் தொலைவிலும், பலமுறை அளக்க வேண்டும். குளம் ஊட்டவில்லை என்றே தெரிந்தாலும், அடியிற் படிந்த சேறு வழியை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைப்புத்தான் காரணமென்றால் மருந்து தூர்வாருதலே, மூடுதல் அல்ல. குளம் ஊட்டுகிறது என்று தெரிந்தாலோ, அதிற் கொட்டும் கழிவும் நம் குடத்துக்கே வரும் என்பதையும் உணர வேண்டும்.

குளத்தை மூடினால் இலாபம் காணியை விலைபேசுவோனுக்கு. நட்டம் கிணற்றையே நம்பிய தோட்டக்காரனுக்கு. காசுள்ளவன் போத்தல் தண்ணீர் வாங்குவான். இல்லாதவன் உவர்நீரையே அள்ளுவான். ஆகவே இது வெறும் நீரியல் விவாதமன்று. யார் பக்கம் நிற்கிறோம் என்ற கேள்வியுமாகும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! அளக்காமல் ஒரு குளத்தையும் மூடவிடோம் என்று கூறுவோம். அளந்த எண்கள் அலுமாரிகளிற் பூட்டப்படாமல், மக்கள் மொழியில் ஊர்ச்சபையில் வாசிக்கப்பட வேண்டும் என்று கோருவோம். பொதுத் தண்ணீரைப் பற்றிய அறிவும் பொதுச் சொத்தே.