சாயச்சாலைக்கு உகந்த உலோகம் எது?

சங்கத்தின் சொத்து எவையெவை என்று கேட்டால், கட்டடம், தறி, கையிருப்பு நூல் என்று அங்கத்தினர் விரல் மடக்குவர். சாயச்சாலையிலுள்ள தொட்டியும் குழாயும் அந்தக் கணக்கில் கடைசியில் வரும்; சில சமயம் வராமலே போகும். ஆயினும் சங்கத்தின் பணம் ஓசையின்றிக் கரையும் இடம் அதுவே.

எங்கள் சங்கம் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாயத் தொட்டி வாங்கிற்று. "எவர்சில்வர், ஆயுளுக்கும் கவலையில்லை" என்றார் விற்றவர். காந்தத்தை வைத்துப் பார்த்தோம்; ஒட்டவில்லை. திருப்தியோடு பணம் கொடுத்தோம். இரண்டாம் ஆண்டு முடியுமுன் அடித் தகட்டில் குண்டூசி நுழையும் துளைகள் கண்டன. இப்பொழுது நிர்வாகக் குழுவில் இரண்டு கட்சி. மலிவானதையே மறுபடி வாங்கி, ஓட்டை விழும்போது பற்றவைத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. இனி எஃகே வேண்டாம், எல்லாவற்றையும் விலையுயர்ந்த நிக்கல் கலப்பு உலோகத்தில் செய்துவிடுவோம் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை என்பதே என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறேன்.

எவர்சில்வர் என்பது ஒரே உலோகமன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாக மேற்பரப்பில் படிகிறது. அந்தத் தோல் உள்ளவரையில் துரு இல்லை. உப்பிலுள்ள குளோரைடு அத்தோலை ஆங்காங்கே கிழிக்கிறது. கிழிந்த இடம் சிறிது. சுற்றிலும் உள்ள பரப்போ பெரிது. ஆகவே அரிப்பு முழுவதும் அச்சிறு இடத்தில் குவிந்து, நாள்தோறும் ஆழமாகி, தகட்டை ஊடுருவிவிடுகிறது. தகட்டின் மற்றப் பகுதி புதிதுபோலப் பளபளக்கும். அதனால் ஆபத்து தெரிவதில்லை.

பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு இடுகிறோம்; நீரின் சூடு பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரி சென்டிகிரேடு. சலவைச் சோடா சேர்ந்தபின் நீர் காரமாவதால் உலோகத்துக்குச் சிறிது பாதுகாப்பு உண்டு. சோடா சேருமுன்னும், சாயமேற்றிய பின் அமிலங் கலந்த நீரில் அலசும்போதும், வேலை முடிந்து தொட்டியின் ஓரங்களில் உப்பு காய்ந்து படியும்போதும் அப்பாதுகாப்பு இல்லை.

குடும்பத்தின் உறுப்பினரைப் பார்ப்போம். 200 வரிசை எஃகில் விலையுயர்ந்த நிக்கலின் பெரும்பகுதிக்குப் பதிலாக மாங்கனீசு சேர்ப்பார்கள். 304 என்னும் எஃகில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316 என்பதில் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேருகிறது. இம்மூன்றிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தச் சோதனை எங்களுக்கு ஒன்றையும் சொல்லவில்லை. விற்றவருக்கு மட்டுமே உதவிற்று.

துளை அரிப்பைத் தாங்கும் வலிமையை ஒப்பிட எளிய கணக்கு ஒன்றுண்டு. மாலிப்டினத்தின் சதவீதத்தை 3.3 ஆல் பெருக்கி, குரோமியத்தின் சதவீதத்தோடு கூட்டவேண்டும். 304-க்கு 18 அளவில் வரும். 316-க்கு 25 அளவில் வரும். ஹேஸ்டெல்லாய் சி-276 என்ற நிக்கல் கலவையில் குரோமியமும் மாலிப்டினமும் தலைக்கு 16 சதவீதம் அளவில் இருப்பதால், தொகை 68-ஐத் தாண்டும். இதைக் கேட்டவுடன், "அப்படியானால் அதையே வாங்குவோம்" என்று தோன்றுவது இயல்பு. அங்கேதான் நிதானம் வேண்டும்.

நிக்கல் கலவைகளின் சரித்திரமே இதற்குச் சாட்சி. கனடாவின் சட்பரி சுரங்கத் தாதுவில் நிக்கலும் செம்பும் கலந்தே கிடைக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் சேர்த்தே உருக்கி எடுத்த உலோகத்துக்கு 1906-இல் காப்புரிமை பெற்றனர். மோனெல் என்பது அதன் பெயர். மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், எஞ்சியதில் பெரும்பகுதி செம்பு. எவர்சில்வர் பரவுமுன் மேல்நாட்டுச் சாயச்சாலைகளில் மோனெல் தொட்டிகள் பெயர் பெற்றிருந்தன. ஓடும் கடல்நீரையும் அது தாங்கும். ஆனால் பிளீச்சிங் திரவமாகிய ஹைப்போகுளோரைட்டு அதை அரித்துவிடும். பெராக்சைடில் வெளுக்கும்போது அதிலுள்ள செம்பே மருந்தை வேகமாகச் சிதைத்து நூலை நலியச் செய்யும்.

ஹேஸ்டெல்லாய் பி என்ற இனத்தில் குரோமியம் அநேகமாக இல்லை. மாலிப்டினம் 28 சதவீதம் அளவில் உண்டு. கொதிக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அது தாங்கும். அதே அமிலத்தில் இரும்புத் துருவின் உப்பு சிறிது கலந்துவிட்டால் விரைவில் அரிந்துபோகும். எல்லாத் திரவத்துக்கும் ஏற்ற உலோகம் என்று ஒன்று இல்லை. உலோகத்தின் விலையைக் கேட்குமுன் திரவத்தின் குணத்தைக் கேட்கவேண்டும்.

இந்த முறையில் பார்த்தால், நமது சாயத் தொட்டிக்கு 316 எஃகு போதும். அதிலும் கரி 0.03 சதவீதத்துக்கு மேற்படாத 316எல் என்பதையே கேட்டு வாங்கவேண்டும். கரி மிகுந்தால் பற்றவைத்த இடத்தில் அது குரோமியத்தைப் பிடித்துக்கொள்ள, ஒட்டின் ஓரம் பலவீனமாகிவிடும். ஹைப்போகுளோரைட்டுக்கு உலோகமே வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டி மலிவு, நன்றாகவும் உழைக்கும். குளிர்ந்த காஸ்டிக் சோடாக் கரைசலுக்குச் சாதாரண இரும்பே தாங்கும். அதைச் சுண்டக் காய்ச்சும் இடத்தில்தான் தூய நிக்கல் தேவை.

விலையுயர்ந்த உலோகம் அவசியமாகும் இடமும் ஒன்றுண்டு. அது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். இங்கே நெசவாளரின் கணக்கோடு பயிரிடுவோரின் கணக்கும் சேருகிறது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை உப்புநீர்த் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைத் தொழிற்கூடங்களை மூடும்படி உத்தரவிட்டது. பின்னர்க் கழிவைத் துளியும் வெளியே விடாத முறையை ஏற்ற பிறகே தொழில் மீண்டது. அம்முறையில், சவ்வு வடிகட்டியில் எஞ்சும் உப்புநீரைக் கொதிகலங்களில் சுண்டக் காய்ச்சுகிறார்கள்.

கெட்டியான உப்பும் மிகுந்த சூடும் சேரும் அந்த இடத்தில் 316 எஃகில் துளை விழும். சுமார் 60 டிகிரிக்கு மேல் இழுவிசை தாங்கும் பாகங்களில் வெடிப்பும் காணக்கூடும். 22 சதவீதம் குரோமியமும் 3 சதவீதம் மாலிப்டினமும் கொண்ட டூப்ளெக்ஸ் எஃகு, டைட்டானியம், சி-276 ஆகியவற்றில் எது ஏற்றது என்று பொறியாளரைக் கொண்டு பரிசீலிக்கவேண்டிய இடம் இதுவே. இங்கே சிக்கனம் பார்த்தால் ஒழுகுவது நமது பணம் மட்டுமன்று. அண்டை வயலின் மண்ணும் கெடும்.

"இவ்வளவு ஆராய்ச்சி ஒரு சிறு சங்கத்துக்கு ஆகுமா?" என்று சிலர் கேட்கலாம். ஆகும். ஆர்டர் கொடுக்கும்போது உலோகத்தின் பெயரோடு கலவைச் சதவீதத்தையும் எழுத்தில் கேட்போம். தகடு செய்த ஆலையின் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் பணம் கொடுக்கவேண்டாம். ஒரு சிறு துண்டைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிக் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் மூன்றையும் பார்த்துவிடுவோம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் தொட்டியை அலசி வைப்போம். இதற்குக் காசு செலவில்லை. வசதிப்படும் சாயங்களுக்குச் சாதாரண உப்புக்குப் பதில் குளோரைடு இல்லாத கிளாபர் உப்பை இடலாமா என்றும் பார்ப்போம்.

பெரிய முதலாளிக்கு ஒரு தொட்டி ஓட்டையானால் அது ஒரு வரிச் செலவு. நமக்கோ அது நூற்றுக்கணக்கான அங்கத்தினர் தறியில் உட்கார்ந்து சேர்த்த பங்குத்தொகை. அடுத்த பொதுக்குழுவில் கொள்முதல் தீர்மானம் வரும்பொழுது, "விலை என்ன?" என்பதற்கு முன், "இதில் எந்தத் திரவம் ஊற்றப்போகிறோம்?" என்று ஒரு அங்கத்தினராவது எழுந்து கேட்கவேண்டும். அந்தக் கேள்வி எங்கள் சங்கத்தில் முன்பே எழுந்திருந்தால், அந்தப் பணம் இன்று நூலாக இருந்திருக்கும்.