வாப்பா வீட்டில் அக்காவுக்குப் பங்கு இல்லையா?

1985இல் ஷாபானு வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் முஸ்லிம்கள் வீதிக்கு வந்தனர். 'ஷரீஅத்தில் கை வைக்காதே' என்று முழங்கினர். முழக்கம் சரிதான். ஆனால் முழங்கிவிட்டு வீடு திரும்பியவர்களில் எத்தனை பேர், தம் உடன்பிறந்த சகோதரிக்கு அதே ஷரீஅத் தந்த பங்கைக் கொடுத்துவிட்டோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வார்கள்?

இன்று உரிமையியல் நீதிமன்றங்களுக்குப் போய்ப் பாருங்கள். அண்ணன் மீது தங்கை, தம்பி மீது அண்ணன், பெற்ற மகன் மீது தாய்! எல்லாம் வாப்பா விட்டுச் சென்ற ஒரு வீட்டுக்காக! வாய்தாவுக்கு மேல் வாய்தா. வழக்கு முடிவதற்குள் வீட்டுச் சுவரே இடிந்து விழுகிறது.

கணக்கு குழப்பமானதா? இல்லை. ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகளை விட்டு மவுத்தாகிறார். கடனும் வஸிய்யத்தும் போக 40 லட்ச ரூபாய் மதிப்புள்ள வீடு மிஞ்சுகிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். மீதி 35 லட்சத்தில் மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். சூரத்துந் நிஸாவில் அல்லாஹ் விதித்த பங்கு இது. இதில் பேரம் பேச நாம் யார்?

'நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு கணக்கு தீர்ந்தது' என்கிறார்கள். எந்த மத்ஹபில் இருக்கிறது இந்தச் சட்டம்? கல்யாணச் செலவு வாரிசுப் பங்குக்கு ஈடாகாது. வழக்கம் என்ற பெயரில் பெண்களின் பங்கு பறிக்கப்பட்டதைத் தடுக்கத்தான் 1937இல் ஷரீஅத் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தைக் காக்கப் போராடும் நாமே அதை வீட்டுக்குள் மீறலாமா?

வீட்டில் குடியிருக்கும் அண்ணன்மார்களே! பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் வீடு முழுதும் உங்களுடையதாகி விடாது. பட்டா உரிமைப் பத்திரம் அல்ல. ஒரு வாரிசு குடியிருப்பது மற்ற வாரிசுகளுக்காகவும் குடியிருப்பதாகவே சட்டம் கருதுகிறது. அவர்களது உரிமையை வெளிப்படையாக மறுத்து 12 ஆண்டுகள் அனுபவித்ததாக நிரூபிக்காதவரை அவர்களின் பங்கு அழியாது. நீங்கள் முழு வீட்டையும் விற்றாலும் உங்கள் பங்கு மட்டுமே கைமாறும்.

'வாப்பா எனக்கே ஹிபா செய்துவிட்டார்' என்பது இன்னொரு வாதம். வாய்மொழி ஹிபா செல்லும். அதற்குப் பதிவு தேவையில்லை என 2011இல் உச்சநீதிமன்றமும் சொன்னது. ஆனால் கொடுத்ததும், ஏற்றதும், அனுபவத்தை ஒப்படைத்ததும் நிரூபிக்கப்பட வேண்டும். வாப்பாவின் மவுத்துக்குப் பின் முளைக்கும் ஹிபாவுக்கு யார் சாட்சி?

வளைகுடாவில் வியர்வை சிந்தும் இளைஞர்களே! உங்கள் பணத்தில் தம்பி பெயரில் மட்டும் வீடு வாங்குகிறீர்களா? 1988இன் பினாமி சட்டப்படி, பணம் போட்டது நான்தான் என்று பின்னாளில் வழக்குப் போட வழியில்லை. சகோதரர் பெயரில் வாங்கினால் பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுத் திருத்தம். கடனையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்துவிட்டு, வீட்டை வாய்ப்பேச்சில் விடலாமா?

வியாபாரிகளே! பத்து ரூபாய் கொள்முதலுக்கும் பில் கேட்கும் நீங்கள், பாகப்பிரிவினையை மட்டும் ஏன் தள்ளிப் போடுகிறீர்கள்? மய்யித்தை அடக்கிய கையோடு ஃபராயிள் கணக்குப் பாருங்கள். பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். விவரம் அறியாத சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்காதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பங்கைத் தர மறுப்பவன் பணக்காரன் என்பதற்காக வாய் மூடி இருக்காதீர்கள்.

அநியாயமாக எடுத்த ஒரு சாண் நிலம், மறுமையில் ஏழு பூமிகளாகக் கழுத்தில் மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். சாட்சியம் இல்லாமல் சகோதரி இங்கே தோற்கலாம். அந்த நாளின் நீதிமன்றத்தில் வாய்தாவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

சமுதாயமே, சிந்திப்பாய்!