வெனிஸ் டிக்கெட்டும் எண்ணூர் நிலக்கரியும்: 'ஒரே நாள்' சுற்றுலா நமக்குச் சொல்வது என்ன?

காலை 9 மணிக்கு சான்டா லூசியா ரயில் நிலையம். 10 மணிக்கு ரியால்டோ பாலத்தில் செல்ஃபி. மதியம் கையில் ஒரு பீட்சா துண்டோடு சான் மார்கோ சதுக்கம். காசு இருந்தால் அரை மணி நேர கோண்டோலா சவாரி, அதற்குப் பகலிலேயே 90 யூரோ. சாயங்காலம் பஸ் ஏறினால் அடுத்த நாடு. 'எட்டு நாளில் ஐந்து நாடு' பேக்கேஜில் போய்வந்த உங்கள் ஆபீஸ் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் பார்த்த வெனிஸ் கிட்டத்தட்ட இதுவாகத்தான் இருக்கும்.

இந்த அவசர விசிட்டுக்குத்தான் வெனிஸ் நகராட்சி இப்போது காசு வாங்குகிறது. இதற்கும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டணம் யாருக்கு?

2024 ஏப்ரல் 25-ல் இது தொடங்கியது. அந்த ஆண்டு தேர்ந்தெடுத்த 29 நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 மணிக்குள் நகருக்குள் வருபவர்களுக்கு 5 யூரோ. 2025-ல் அது 54 நாட்களானது. கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. ராத்திரி தங்குபவர்கள் ஓட்டலிலேயே வரி கட்டிவிடுவதால் அவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. உள்ளூர்வாசிகள், அங்கே வேலை பார்ப்பவர்கள், படிப்பவர்களுக்கும் விலக்கு.

அதாவது குறி, காலையில் வந்து சாயங்காலம் கிளம்புகிறவர்கள் மீதுதான். படகு, பாலம், குப்பைத்தொட்டி, கழிப்பறை எல்லாவற்றையும் பயன்படுத்தும் இவர்கள், ஊருக்குள் செலவு செய்வது குறைவு என்பதே நகராட்சியின் கணக்கு.

பலன் கிடைத்ததா?

முதல் ஆண்டில் சுமார் 24 லட்சம் யூரோ வசூலானது. ஆனால் கூட்டம் குறையவில்லை என்கிறார்கள் விமர்சகர்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்கே 90 யூரோ கட்டிவிட்டுப் போகிறவர், 5 யூரோவுக்குப் பயந்து திரும்பிவிடுவாரா என்ன?

உண்மையான பிரச்சினை வேறு. 1951-ல் வெனிஸின் பழைய நகரத்தில் சுமார் 1.75 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். இப்போது 50 ஆயிரத்துக்கும் கீழே. வீடுகள் சுற்றுலாப் பயணிகளின் தங்குமிடங்களாக மாற மாற, வாடகை கட்ட முடியாதவர்கள் பாலம் தாண்டிப் போய்விட்டார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன?

வெனிஸுக்குப் போகும் ரயில் கடற்கழிப் பாலத்தில் ஏறும் முன்பு, ஜன்னலில் புகைபோக்கிகளும் எண்ணெய்த் தொட்டிகளும் தெரியும். அதுதான் மர்கேரா. 1917-ல் உருவாகத் தொடங்கிய துறைமுகத் தொழிற்பேட்டை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு, பெட்ரோ கெமிக்கல் எல்லாம் அங்கேதான். பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் வினைல் குளோரைடு வாயுவைச் சுவாசித்து வேலை பார்த்த தொழிலாளர்கள் புற்றுநோயில் இறந்தது தொடர்பான வழக்கு 1998-ல் விசாரணைக்கு வந்து, பல ஆண்டுகள் நடந்தது. எந்த டூர் கைடும் அங்கே இறக்கிக் காட்டுவதில்லை.

இன்னொரு விஷயம். சான் மார்கோ வழியாகப் பெரிய உல்லாசக் கப்பல்கள் செல்வதற்கு 2021 ஆகஸ்ட் 1 முதல் இத்தாலி அரசு தடை விதித்தது. உலகமே பாராட்டியது. ஆனால் அந்தக் கப்பல்களில் ஒரு பகுதி திருப்பிவிடப்பட்டது மர்கேராவுக்கு. அழகான பக்கத்தில் தொந்தரவு என்று தூக்கியதை, ஏற்கெனவே அழுக்கான பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். அவ்ளோதான்.

இது நமக்குப் பழக்கமான கதையாச்சே?

ஆமாம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளப்பட்ட காலத்தில், ஜார்ஜ் டவுன் பக்கம் துணி காயப்போட்டால் கரி படியும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அது நின்றது. பாரிமுனை மூச்சு விட்டது. நிலக்கரி எங்கே போனது? 2001 முதல் இயங்கிவரும் எண்ணூர் துறைமுகத்துக்கு.

எண்ணூரில் ஏற்கெனவே அனல்மின் நிலையம், சாம்பல். பக்கத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை படர்ந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எதுவும் தப்பவில்லை. அதே மாதம் 26-ம் தேதி இரவு, உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள்.

வட சென்னையில் ஒரு நாள் சுற்ற என்ன இருக்கு?

நிறைய. விடியற்காலை காசிமேட்டில் மீன் ஏலம். ராயபுரத்தில், 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்ட நிலையம். பக்கத்திலேயே படகுத் தொழிலாளர் சமூகம் கட்டிய புனித பீட்டர் தேவாலயமும், பார்சிகளின் அக்னி ஆலயமும். மெட்ரோ ஏறினால் திருவொற்றியூர் தேரடி. தேவாரம் பாடப்பட்ட தியாகராஜர் கோயில், கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. புல்லட் தயாரிப்பு 1950-களில் தொடங்கியதும் இதே திருவொற்றியூரில்தான்.

ஆனால் சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுப் பயணிகளின் பஸ், வழக்கமாக மயிலாப்பூர், மாமல்லபுரம் என்று தெற்கே திரும்பிவிடும். ராயபுரம் கூப்பிடு தூரம்தான். யாரும் கூப்பிடுவதில்லை.

சரி, சுற்றுலா வந்தால் நல்லதுதானே?

நல்லதுதான், எப்படி வருகிறது என்பதைப் பொறுத்து. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது. 2024 மார்ச்சில் சுமார் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. வீடு, பள்ளி, மருத்துவமனை, கடற்கரை மேம்பாடு எல்லாம் வருகின்றன. பல பத்தாண்டுகளாகக் கேட்டது, தாமதமாகக் கிடைக்கிறது.

இங்கேதான் வெனிஸைக் கவனிக்க வேண்டும். கடற்கரை அழகானால் வாடகை ஏறும். வாடகை ஏறினால், வலை பின்ன இடம் தேவைப்படும் மீனவர் முதலில் நகர்வார். அவர் நகர்ந்தபின் பயணி பார்க்க வருவது எதை?

எனவே திட்டங்களைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் அப்படியே இருக்கிறதா? வீட்டுவசதித் திட்டத்தில் கிடைக்கும் வீடு அதே பகுதியிலா, ஊருக்கு வெளியிலா? நடைபாதையும் பூங்காவும் வருகிற அதே வேகத்தில் சாம்பலும் கசிவும் நிறுத்தப்படுகின்றனவா?

மூன்றுக்கும் 'ஆம், இங்கேயே' என்ற பதில் கிடைத்தால், வட சென்னைக்கு ஒரு நாள் டூர் தாராளமாகப் போடலாம். இல்லையென்றால், பாரிமுனையிலிருந்து எண்ணூருக்கு நிலக்கரி போனதுபோல, எண்ணூரிலிருந்து இன்னும் வடக்கே யாரோ அனுப்பப்படுவார்கள். இந்த முறை அனுப்பப்படுவது மனிதர்களாக இருக்கும்.